புது வேலையில் பென்ஷன் திட்டம்: படிவத்தில் டிக் அடிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

வேலையில் சேர்ந்த முதல் வாரம் கையெழுத்துக்கு வரும் காகிதக் கட்டில் பென்ஷன் தேர்வுப் படிவமும் இருந்தால், அதை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அதற்கு ஒரு கெடு இருக்கும். கெடு தாண்டினால் நிறுவனமே ஏதோ ஒரு திட்டத்தில் சேர்த்துவிடும். பல இடங்களில் பிறகு மாற்றிக்கொள்ளவும் முடியாது. எச்.ஆரிடம் திட்ட விதிமுறைகளையே கேட்டு வாங்குங்கள். வண்ணத் துண்டறிக்கையில் நமக்கு வேண்டிய எண்கள் இருக்காது.

பெயர்கள் எப்படி இருந்தாலும் திட்டங்கள் அடிப்படையில் இரண்டே. உறுதிப் பென்ஷனில் ஒரு சூத்திரம் இருக்கும்: பணியாண்டுகள் × சம்பளம் × ஒரு விகிதம். முதலீட்டில் நட்டம் வந்தால் அது நிறுவனத்தின் தலைவலி. பங்களிப்புத் திட்டத்தில் உங்கள் பிடித்தமும் நிறுவனத்தின் பங்கும் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் சேரும். ஏற்றமும் இறக்கமும் உங்களுடையவை. இரண்டையும் கலந்த மூன்றாவது வகையும் உண்டு. அதில் உங்கள் பெயரில் கணக்கு இருக்கும், ஆனால் வட்டி விகிதத்தை நிறுவனம் உறுதி செய்யும்.

‘ஓய்வு பெறும்போது எது அதிகம் தரும்?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இருபதுகளில் இருப்பவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி, ‘நடுவில் விலகினால் கையில் என்ன மிஞ்சும்?’ என்பது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 25, ஆண்டுச் சம்பளம் 60 (ஆயிரமோ லட்சமோ, எந்த அலகானாலும் சரி). ஓராண்டு வேலைக்குச் சம்பளத்தில் 60இல் ஒரு பங்கு தருவதாகத் திட்டம் சொல்கிறது. அப்படியானால் இந்த ஆண்டு உழைப்புக்கு, 60 வயது முதல் ஆண்டுக்கு 1 கிடைக்கும். அதை ஆயுள் முழுக்கத் தர அந்த நாளில் 20 கையிருப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத வட்டியில் 35 ஆண்டு பின்னோக்கிக் கழித்தால், அதாவது அன்று 20 ஆக வளர இன்று எவ்வளவு போட வேண்டும் என்று பார்த்தால், அதன் இன்றைய மதிப்பு சுமார் 3.6. சம்பளத்தில் வெறும் 6 சதவீதம். இதே சம்பளம் வாங்கும் 55 வயதுக்காரருக்குக் கழிக்க வேண்டியது 5 ஆண்டுகள்தான், அதனால் 15.7 வரும், சம்பளத்தில் 26 சதவீதம். ஒரே வாக்குறுதிதான், ஆனால் மூத்தவருக்கு நான்கு மடங்குக்கு மேல் பெறுமானம். அலுவலகத்துச் சீனியர்கள் ‘கண்ணை மூடிக்கொண்டு உறுதிப் பென்ஷனை எடு’ என்று சொல்வது அவர்கள் இடத்திலிருந்து பார்த்தால் நியாயமே.

இந்த 6 சதவீதம், விலகிய நாளின் சம்பளத்தோடு பென்ஷன் உறைந்துவிடும் திட்டத்துக்கானது. விலகிய பிறகும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தித் தருவோம் என்று விதி இருந்தால் கதையே மாறும். பணவீக்கம் 3 சதவீதம் என்றால், கழிக்க வேண்டிய வட்டி சுமார் 2 சதவீதமாகச் சுருங்கும். இன்றைய மதிப்பு 10 ஆகும், அதாவது சம்பளத்தில் 17 சதவீதம். கடைசிவரை அங்கேயே இருப்பவருக்கு, கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் திட்டத்தில் சம்பள உயர்வே இந்த வேலையைச் செய்துவிடும். ஆகவே விதிமுறைகளில் முதலில் தேட வேண்டிய வரி, விலகியவரின் பென்ஷன் ஆண்டுதோறும் எவ்வளவு உயர்த்தப்படும் என்பதுதான்.

கிடைத்த சதவீதத்தில் உறுதித் திட்டத்துக்காக உங்களிடம் பிடிக்கும் தொகையைக் கழியுங்கள். மிச்சத்தை, பங்களிப்புத் திட்டத்தில் நிறுவனம் போடும் பங்கோடு ஒப்பிடுங்கள். எண்கள் நெருக்கமாக இருந்து, சில ஆண்டுகளில் வேலை மாறும் எண்ணமும் இருந்தால் பங்களிப்புப் பக்கம் சாயலாம். விலைவாசிப் பாதுகாப்போடு உறுதிப் பென்ஷன் கிடைத்தால், வேலை மாறுவோம் என்று தெரிந்தாலும் அதை எளிதில் விடாதீர்கள்.

அடுத்தது உரிமைக் காலம். நிறுவனத்தின் பங்கு முழுதாக உங்களுடையதாக எத்தனை ஆண்டு ஆக வேண்டும்? சில திட்டங்களில் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக உரிமை வரும். சிலவற்றில் குறிப்பிட்ட நாள் வரை ஒன்றுமே இல்லை, அன்று மொத்தமும் வரும். இரண்டாவது வகையில், ராஜினாமா தேதியை ஒரு மாதம் முன்னால் போட்டுவிட்டு முழுப் பங்கையும் இழப்பவர்கள் உண்டு.

பங்களிப்புத் திட்டத்தை எடுத்தால் வேலை அதோடு முடியாது. நீங்கள் போடுவதற்கு ஈடாக நிறுவனம் எதுவரை போடும் என்று பார்த்து, அந்த வரம்பு வரையாவது பிடித்தத்தை உயர்த்துங்கள். படிவத்தில் தானாக நிரப்பியிருக்கும் விகிதம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். நிதித் தேர்வைக் காலியாக விட்டால் பணம் எங்கே போகும் என்றும் கேளுங்கள். வட்டி மட்டும் ஈட்டும் நிதிக்குப் போனால், 35 ஆண்டு அவகாசம் உள்ளவருக்கு அது பெரிய இழப்பு. கட்டணத்தையும் கவனியுங்கள். ஆண்டுதோறும் ஒரே தொகையை 40 ஆண்டு போட்டால், 7 சதவீத வளர்ச்சியில் சேர்வதைவிட 6 சதவீதத்தில் சேர்வது 22 சதவீதம் குறைவு. அந்த ஒரு சதவீதத்தைக் கட்டணமே தின்றுவிடலாம்.

வேலை மாறும்போது சேர்ந்ததை எடுத்துச் செலவழிப்பதுதான் இத்திட்டத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. தொகை சிறியதாகத் தெரிவதால் கை துறுதுறுக்கும். ஆனால் 7 சதவீத வளர்ச்சியில், முதல் 10 ஆண்டு மட்டும் போட்டு 30 ஆண்டு தொடாமல் விட்டவரிடம், 11ஆம் ஆண்டில் தொடங்கி 30 ஆண்டு விடாமல் போட்டவரைவிட அதிகம் இருக்கும் (ஆண்டுக்கு 1 போட்டால், 105க்கு 94). புதிய நிறுவனத்தின் திட்டத்துக்கு மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் இருந்த இடத்திலேயே விடுங்கள்.

உறுதிப் பென்ஷனில் இன்னொன்றையும் பாருங்கள்: பணம் நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறதா, தனி அறக்கட்டளையில் இருக்கிறதா? நிறுவனம் மூழ்கினால் ஈடுகட்ட ஏதாவது அமைப்பு உண்டா? தனி அறக்கட்டளையும் இல்லை, ஈடுகட்டும் அமைப்பும் இல்லை என்று பதில் வந்தால், மேலே கண்ட சதவீதத்தைக் காகிதத்தில் உள்ள எண்ணாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாமினி பெயரை அன்றே எழுதிக் கொடுங்கள், திருமணமானதும் மாற்றுங்கள். உறுதிப் பென்ஷனில் உங்களுக்குப் பின் துணைக்கு எத்தனை சதவீதம் தொடரும் என்பதையும், பங்களிப்புத் திட்டத்தில் மீதித் தொகை முழுவதும் நாமினிக்குப் போகுமா என்பதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.