அம்மோனியா இறங்கவே இல்லை

காரைக்குடி வீட்டில் வளவு ஓரமாக வைத்த 60 லிட்டர் புதுக் கடல்நீர் மீன் தொட்டி. மீன் விடுமுன், ஒரு துண்டு இறாலை அழுகவிட்டு நைட்ரஜன் சுழற்சியைத் தொடங்கினேன்: அழுகலில் வரும் நச்சு அம்மோனியாவைப் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். அம்மோனியா 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4 பங்கு) வரை ஏறி, 3 வாரமாக அங்கேயே நின்றது. பாட்டில் பாக்டீரியா இரண்டு முறை ஊற்றினேன், ஃபில்டரையும் மாற்றினேன். ம்ஹூம்.

விளிம்பில் படிந்த வெள்ளை உப்புப் பொருக்கைத் தினமும் துடைத்தும் எனக்கு உறைக்கவில்லை. சித்திரை வெயிலில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாகிறது. அதை ஈடுகட்ட உப்பு கலந்த நீரையே ஊற்றியிருக்கிறேன். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும்! உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் நீரின் ஒப்படர்த்தி 1.040 காட்டியது; வேண்டியது 1.025. இவ்வளவு உப்பில் பாக்டீரியா மந்தமாகிவிடும்.

தினம் கொஞ்சம் எடுத்துவிட்டு, வெறும் ஆர்.ஓ. நீர் (உப்பு நீக்கி வடிகட்டியது) சேர்த்து 5 நாளில் 1.025-க்கு இறக்கினேன். 9ஆம் நாள் அம்மோனியா குறைந்து நைட்ரைட் தலைகாட்டியது. அப்புறம் அதுவும் போய் நைட்ரேட் வந்தது. அப்பாடா! இப்போது கண்ணாடியில் நீர்மட்டத்துக்குக் கோடு போட்டு, ஆவியானதை ஈடுகட்ட அந்தக் கோடுவரை ஆர்.ஓ. நீர்தான்.