வசந்தகால வாடைக்குப் பின் கரையிலிருந்து பாஸ் மீன் பிடிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட டெக்சஸில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் வானிலை ஒரு நிலையில் நிற்பதில்லை. தெற்கிலிருந்து ஈரக்காற்று வீசிப் பகல் வெப்பம் 80 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே வடமேற்கிலிருந்து வாடை இறங்கி, ஒரே இரவில் அதை 40-க்குக் கீழே தள்ளிவிடும். டாலஸைச் சுற்றியுள்ள லூயிஸ்வில், கிரேப்வைன், ரே ராபர்ட்ஸ், லவோன் ஏரிகளின் கரையில் நின்று லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பவர்கள், முந்தின நாள் அள்ளிக் கொடுத்த இடத்திலேயே மறுநாள் ஒரு கடிகூடக் கிடைக்காமல் திரும்புவது இதனால்தான். மீன்கள் எல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டன, படகில்லாதவனுக்கு இனி வேலையில்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். முதல் தவறு அந்த முடிவுதான். வசந்தத்தில் முட்டையிடுவதற்காகக் கரையோரம் வந்த பாஸ்களில் பெரும்பாலானவை அருகிலுள்ள சரிவுக்கோ புதருக்கோதான் ஒதுங்குகின்றன. இரையைத் துரத்துவதை நிறுத்திவிடுவதால் அவை காணாமல் போனதுபோலத் தோன்றுகின்றன.

கைப்பேசியில் காற்றின் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு ஏரியைப் பற்றி முடிவெடுப்பது அடுத்த தவறு. ஒரே கன அளவுள்ள காற்றையும் நீரையும் ஒரு டிகிரி சூடேற்ற வேண்டுமானால், காற்றுக்கு ஆவதைப்போல 3000 மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம் நீருக்குத் தேவைப்படும். குளிரும்போதும் அதே கணக்குத்தான். ஆகவே காற்று 40 டிகிரி சரிந்தாலும் பெரிய ஏரியின் நீர் ஓரிரு இரவுகளில் சில டிகிரிதான் இறங்கும். ஆனால் பாஸ் தன் உடல் வெப்பத்தை நீரிலிருந்தே பெறுவதால், அந்தச் சில டிகிரிகளே அதன் செரிமானத்தையும் வேகத்தையும் குறைக்கப் போதுமானவை. 60 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது சுமார் 15 டிகிரி செல்சியஸை, நீர் தாண்டும் காலத்தில் கூடுகட்டத் தயாராகும் மீனுக்கு, 62-லிருந்து 56-க்கு இறங்குவது சிறிய மாற்றமன்று.

கயிற்றில் கட்டிய ஒரு மலிவான வெப்பமானி இந்த விஷயத்தில் எந்தச் செயலியையும்விடப் பயன்படும். கரையோரமாக நடந்துகொண்டே இரண்டு மூன்று இடங்களில் முழங்கால் ஆழத்துக்கு அதை இறக்கி ஒரு நிமிடம் விட்டுப் பார்த்தால், ஒரே ஏரியின் இரு மூலைகளுக்கிடையே நான்கைந்து டிகிரி வேறுபாடு இருப்பது தெரியவரும். பூங்காக்களிலுள்ள சிறு குளங்களின் போக்கு வேறு. அவை ஆழமற்றவை என்பதால் முதல் இரவிலேயே ஏரியைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். ஆனால் தொடர்ந்து வெயிலடித்தால் இரண்டாம் மூன்றாம் நாள் பிற்பகலில் ஏரியை முந்திக்கொண்டு சூடாகும். வாடை அடித்த மறுநாளே குளத்துக்கு ஓடுவதும், அது மீண்டுவிட்ட நாளில் பெரிய ஏரியில் நின்று விறைப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

விடியற்காலைதான் மீன்பிடிக்க நல்ல நேரம் என்ற பழக்கம் கோடையில் பிடித்துக்கொண்டது. வாடைக்குப் பின் அதை விட்டுவிட வேண்டும். குளிர்காற்று மேகங்களைத் துடைத்துவிட்டுப் போவதால் இரவு வானம் தெளிந்திருக்கும். நீர்ப்பரப்பு தன் வெப்பத்தை வான்வெளிக்கு இழந்துகொண்டே இருக்கும். அதனால் சூரியன் எழுந்த வேளையில்தான் கரையோர நீர் அந்நாளின் மிகக் குறைந்த வெப்பநிலையில் இருக்கும். மதியம் ஒரு மணிக்குப் பிறகு போய் மாலை ஐந்துவரை நிற்பவருக்கே வாய்ப்பு அதிகம். வாடை அடித்த முதல் பிற்பகலில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதற்காக அந்த வாரத்தையே கைவிடுவதும் சரியன்று. காற்று அடங்கி, இரண்டு நாள் வெயில் விழுந்தால், மூன்றாம் நாள் பிற்பகல் பெரும்பாலும் வேறு கதையாக இருக்கும்.

எந்தக் கரையில் நிற்பது என்பதில்தான் என் கணிப்பில் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. ஆனால் வாகனம் நிறுத்த இடம் இருக்கும் கரையையே பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏரியின் வடகரை தெற்கு நோக்கியிருப்பதால் அதற்கு வெயில் அதிகம் கிடைக்கிறது. வடக்கிலிருந்து வரும் வாடையை அதன் மேடும் மரங்களும் தடுத்துவிடுகின்றன. வடமேற்கு மூலையில் உள்வாங்கியிருக்கும் சிறுகுடாக்களுக்கு இந்த இரண்டு நன்மைகளும் ஒருசேரக் கிடைக்கின்றன. அடியில் கருஞ்சேறு இருந்தால் இன்னும் நல்லது. அலை அரிப்பைத் தடுக்க அணைக்கரையிலும் பாலங்களின் அடியிலும் கொட்டிவைத்திருக்கும் பெரிய கற்கள் பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதோடு, பல இடங்களில் ஆழமான நீரையும் கரைக்கு ஒட்டியே கொண்டுவந்து விடுகின்றன. படகில்லாதவருக்கு இது பெரிய வசதி. வடகரையில் இன்னொரு ஆதாயமும் உண்டு: தெற்கே இருக்கும் சூரியனை நோக்கி நிற்பதால் நம் நிழல் முதுகுக்குப் பின்னால் விழுகிறது. தென்கரையிலோ அது நீர்மேல் நீண்டு, கண்ணாடிபோல் தெளிந்த அந்த நாட்களில் ஓர மீன்களைக் கலைத்துவிடும்.

நல்ல கரைக்கு வந்துசேர்ந்தவரும் செய்யும் தவறு, விளிம்புவரை நடந்துபோய் நின்று, ஏரியின் நடுவை நோக்கித் தன்னால் முடிந்த தூரம் வீசுவது. அப்படி வீசிய செயற்கை இரை ஆழத்தில் விழுந்து, சரிவில் மேலேறி வருகையில் மீன் இருக்கும் ஆழத்தைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறது. கரைக்கு இணையாக வீசினால் அதே இரை இழுப்பு முழுவதும் ஒரே ஆழத்தில் பயணம் செய்யும். முதலில் நீரிலிருந்து நாலைந்து அடி பின்னால் நின்று, ஓரத்தை ஒட்டி இடமும் வலமும் வீசி, பிறகு ஒவ்வொரு வீச்சையும் சற்று வெளியே தள்ளிக்கொண்டு போவது நல்லது. கற்களின் மேல் தடதடவென்று நடக்காமல் இருப்பதும் அவசியம். படகுத்துறையின் நிழல், நீரில் சாய்ந்த மரம், பழைய கோரைத் தண்டு ஆகியவற்றை ஒட்டி ஓரடிக்குள் இரை விழ வேண்டும். மூன்றடி தள்ளி விழுந்தால், வாடைக்கு முன் பாய்ந்து வந்திருக்கக்கூடிய அதே மீன் இப்போது திரும்பிக்கூடப் பார்க்காது.

முந்தின நாள் வென்ற வேகமான இரையையே கட்டிக்கொண்டிருப்பது பிடிவாதம். சுழலும் தகடு கொண்ட ஸ்பின்னர்பெய்ட்டை எடுத்து வைத்துவிட்டுச் சிறிய ஜிக் (ஈயத்தலை கொண்ட முள்), நெட் ரிக் (சிறு ஈயத்தலையில் கோத்த குட்டைப் பிளாஸ்டிக் புழு), ஈயம் கோக்காத சென்கோ (மென்மையான பிளாஸ்டிக் புழு) போன்றவற்றுக்கு மாறுவது நல்லது. தூண்டில் நரம்பும் 6 முதல் 8 பவுண்டு தாங்கும் ஃப்ளோரோகார்பன் இழையாக மெலிந்திருக்கலாம், புதர் அடர்ந்த இடத்தில் மட்டும் தடித்தது தேவைப்படும். ஈயமில்லாத சென்கோ இரு முனைகளும் லேசாக நடுங்கியபடி மெல்ல மூழ்கும். அது தரையைத் தொட்ட பிறகும் பத்துப் பதினைந்து எண்ணும்வரை அசைக்காமல் விட்டு, பிறகு கோலைப் பக்கவாட்டில் ஒரு சாண் மட்டும் நகர்த்தி மீண்டும் காத்திருக்க வேண்டும். கையில் ‘டக்’கென்று அடிக்கும் கடியை எதிர்பார்த்திருப்பவருக்கு மீன் வந்துபோனதே தெரியாது. குளிர்ந்த நீரில் கடி என்பது பெரும்பாலும் ஈரத்துணி சிக்கியதுபோன்ற ஒரு கனம், அல்லது நீரைத் தொடும் இடத்தில் நரம்பு மெல்லப் பக்கமாக நகர்வது, அவ்வளவுதான். ஆகையால் கண் நரம்பிலேயே இருக்க வேண்டும்.

காற்றழுத்தம் ஏறியதால் மீன் வாய்மூடிக்கொண்டது என்ற விளக்கமும் அடிக்கடி காதில் விழுகிறது. வாடை வந்தபின் அழுத்தம் 20 ஹெக்டாபாஸ்கல் உயர்ந்ததாகவே வைத்துக்கொள்வோம். அது நீரில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சமம். மீன் ஒரு சாண் மேலே வந்தால் சரியாகிவிடும் மாற்றம் அது. அழுத்தமானியைக் குறைசொல்வதை விட, அதனுடன் சேர்ந்து வரும் கூசும் வெளிச்சத்தையும் குளிர்ந்த நீரையும் கவனிப்பது பயன் தரும்.

ஏப்ரல் தொடக்கத்தில் வாடை வந்தால் சில ஆண் மீன்கள் ஏற்கெனவே கூட்டின்மேல் நின்றுகொண்டிருக்கும். நீர் கடுமையாகக் குளிர்ந்தால் அவை கூட்டை விட்டு விலகுவதும், முட்டைகளில் பூஞ்சை பிடிப்பதும் உண்டு; காவல் நிற்கும் மீனைத் தூக்கிவிட்டால் புளூகில் மீன்கள் நிமிடங்களில் முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். டெக்சஸில் பாஸுக்குத் தடைக்காலம் இல்லை. 14 அங்குலத்துக்குக் குறையாத லார்ஜ்மவுத்தை வைத்துக்கொள்ளலாம், லார்ஜ்மவுத்தும் அதன் இனமான மற்ற ‘பிளாக் பாஸ்’ வகைகளும் சேர்ந்து நாளுக்கு 5 என்பது மாநிலப் பொதுவிதி, சில ஏரிகளுக்குத் தனிவிதியும் உண்டு. இருந்தாலும், கூட்டிலிருந்து பிடித்ததைப் படமெடுக்கக் கரையில் கிடத்தி வைக்காமல், நனைந்த கையால் முள்ளை எடுத்து அதே இடத்தில் உடனே விட்டுவிட வேண்டும். மாநிலப் பூங்காக்களின் எல்லைக்குள் கரையிலிருந்து பிடிப்பதற்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை. ரே ராபர்ட்ஸ் ஏரிப் பூங்காவுக்கும் இது பொருந்தும். அதே ஏரியின் கரையில் பூங்கா எல்லையைத் தாண்டிச் சென்றால், 17 வயது நிரம்பியவர் உரிமத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்.