திறந்த மூல வன்பொருளுக்கு மானியம் கேட்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திறந்த மூல வன்பொருளுக்கு, அதாவது வடிவமைப்புக் கோப்புகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் விற்கவும் விடும் கருவிக்கு, மானிய விண்ணப்பம் எழுத உட்காரும் மின்னணு ஆர்வலரின் கை முதலில் போவது, 'சந்தையில் இதற்கு நல்ல வரவேற்பு இருக்கும்' என்கிற மாதிரி வரிக்குத்தான். முதலீட்டாளரிடம் எடுபடும் வரி அது. மானியம் கொடுப்பவருக்கோ உங்கள் விற்பனையில் பங்கு கிடையாது. நாளை நீங்கள் இந்தத் திட்டத்தை விட்டுவிட்டுப் போனாலும், வேறு யாராவது உங்கள் கோப்புகளை எடுத்து மேற்கொண்டு வேலை செய்ய முடியுமா என்றுதான் அவர் பார்ப்பார். இதை மறப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

உற்பத்திச் செலவையும் மானியத்திலேயே கேட்பது அதில் ஒன்று. ஐநூறு போர்டு (மின்சுற்றுப் பலகை) செய்து, பெட்டியில் போட்டு அனுப்புகிற செலவு ஆராய்ச்சிக் கணக்கில் வராது. ப்ரீகர்சர் என்ற கையடக்கக் கருவியைப் பாருங்கள். அதற்கான மேம்பாட்டு வேலைக்கு நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளை வழியாக நிதி வந்தது. கருவியைத் தயாரிப்பதற்கான பணத்தை 2020-இல் தொடங்கி க்ரவுட் சப்ளை என்ற கூட்டுநிதி தளத்தில் வாங்குபவர்களிடமே திரட்டினார்கள். இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் திணிக்கவில்லை.

அடுத்தது உரிமம். 'யாரும் பயன்படுத்தலாம், வணிகத்துக்கு மட்டும் கூடாது' என்று போட்டால் அது திறந்த மூல வன்பொருளே அல்ல. அதன் வரையறை அப்படிப்பட்ட தடையை ஏற்பதில்லை. யாராவது நகலெடுத்து விற்றுவிடுவார்களே என்ற பயம் நியாயம்தான். அதற்காகத்தான் சேர்ன் ஆய்வகம் உருவாக்கிய ஓஎச்எல் என்ற திறந்த வன்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் (2020) 'எஸ்' வகை இருக்கிறது: உங்கள் வடிவமைப்பை மாற்றி விற்பவர், தன் மாற்றங்களையும் அதே உரிமத்தில் தந்தாக வேண்டும். 'டபிள்யூ' வகை கொஞ்சம் தளர்வானது, 'பி' இன்னும் தளர்வு. எதை எடுத்தீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) எந்த உரிமத்தில் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போர்டு அச்சடிக்கும் தொழிற்சாலைக்கு அனுப்பும் கெர்பர் கோப்புகளை மட்டும் வெளியிட்டுவிட்டு 'எல்லாம் திறந்தாயிற்று' என்பதும் செல்லாது. கெர்பரை வைத்து போர்டு அச்சடிக்கலாம், திருத்த முடியாது. போர்டை வரைந்த கிகேட் மென்பொருளின் மூலக் கோப்பு, உதிரிப்பாகப் பட்டியல் எல்லாம் வேண்டும்.

பலர் வழுக்கி விழும் இடம் பட்ஜெட். 'வன்பொருள் செலவு: 8,000 யூரோ' என்ற ஒற்றை வரியை வைத்து யாரும் எதையும் மதிப்பிட முடியாது. எத்தனை போர்டு, எத்தனை முறை, எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு என்று பிரியுங்கள். முக்கியமாக, இரண்டாவது போர்டுக்குக் கண்டிப்பாகப் பணம் ஒதுக்குங்கள். முதல் போர்டில் ஏதாவது ஒரு ஃபுட்பிரின்ட் (பாகம் உட்காரும் இடத்தின் வடிவம்) தப்பாக இருக்கும், இல்லையென்றால் சிப்பின் ரீசெட் கால் எங்கேயும் இணைக்கப்படாமல் தொங்கும். முதல் பதிப்பே சரியாக வந்துவிடும் என்று கணக்குப் போட்ட பட்ஜெட், அனுபவம் போதாது என்று தானே சொல்லிவிடும்.

பணம் எப்போது வரும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். என்எல்நெட் நடத்தும் என்ஜிஐ ஜீரோ என்ற மானிய நிதிகளில் முதல் முறை கேட்பவர்களுக்கு வரம்பு 5,000 முதல் 50,000 யூரோ. ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துக் காட்டிய பிறகுதான் பணம் கைக்கு வரும். மென்பொருள் எழுதுபவர் இதைச் சமாளித்துவிடுவார். நீங்களோ போர்டு, சிப், அசெம்பிளி என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கைக்காசைப் போட வேண்டும். அதனால் முதல் கட்டத்தைச் சின்னதாக வையுங்கள்: சர்க்யூட் வரைபடம், உதிரிப்பாகப் பட்டியல், வெளியாள் ஒருவரின் சரிபார்ப்பு. இதற்குப் பெரிதாகச் செலவில்லை, அதில் வரும் பணம் அடுத்த கட்டத்துக்கு ஆகும். கட்டங்களின் பெயரிலும் கவனம் வேண்டும். 'முன்மாதிரி முடிந்தது' என்றால் எது முடிந்தது? 'முதல் போர்டு யூஎஸ்பி வழியாக கணினியில் தெரிகிறது. மின்நுகர்வு அளவீடும் கிகேட் கோப்புகளும் வெளியிடப்பட்டுள்ளன' என்று எழுதினால் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

'இதுபோல் உலகில் வேறெதுவும் இல்லை' என்ற வரியை அடித்துவிடுங்கள். தேடிப் பார்க்கவில்லை என்றே அதற்குப் பொருள். ஏற்கெனவே முடித்த வேலைக்குக் கூலி கேட்பதும் எடுபடாது.

சான்றிதழ் விஷயத்திலும் குழப்பம் உண்டு. திறந்த மூல வன்பொருள் சங்கமான ஓஷ்வாவின் சான்று, உங்கள் வடிவமைப்பு திறந்தது என்பதை நீங்களே உறுதிகூறிப் பெறுவது. கருவி பாதுகாப்பானதா, ரேடியோ இரைச்சல் விடுகிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பாவின் சிஇ, அமெரிக்காவின் எஃப்சிசி விதிகள் தனி. ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் அந்தச் செலவைத் தனி வரியாகக் காட்டுங்கள்.

விண்ணப்பம் முதல் சுற்றைத் தாண்டினால் கேள்விகள் வரும். 'இந்தப் போர்டுக்கு ஏன் ஆறு லேயர் (செம்பு அடுக்கு)?' என்று கேட்டதும் பதறிப்போய் நான்காகக் குறைத்து, தொகையையும் வெட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டவருக்குக் காரணம்தான் வேண்டும். டிடிஆர் மெமரி (வேகமான நினைவக சிப்) இருப்பதால் ஆறு லேயர் தேவை என்றால், அதை இரண்டே வரியில் எழுதி அனுப்புங்கள், தொகையைத் தொடாமல்.