மின்சார கார்: டோக்கன் கட்டுவதற்கு முன் ஒரு மல்டிமீட்டர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அலுவலகத் தம்பி ஒருவர் ஷோரூமிலிருந்தே போன் செய்தார். "அண்ணா, டோக்கன் கட்டிட்டேன். வெள்ளை கலர்." குரலில் அவ்வளவு சந்தோஷம். சார்ஜ் எங்கே போடப் போகிறீர்கள் என்று கேட்டேன். "பார்க்கிங்ல ஒரு பிளக் பாயின்ட் இருக்குண்ணா. அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

2022-இல் நான் சொன்னதும் இதே வசனம்தான். அதற்கு நான் கொடுத்த விலை இன்னும் உறுத்துவதால்தான் இதை எழுதுகிறேன். சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள் என்பது மாதிரி அறிவுரை எதுவும் இதில் இருக்காது. அதெல்லாம் வண்டி வந்த இரண்டு வாரத்தில் தானாகப் பழகிவிடும். வாங்கலாமா, வேண்டாமா என்று யோசிக்கும்போதே நடக்கிற தவறுகள் மட்டும்.

## "சார்ஜிங் அப்புறம் பாத்துக்கலாம்"

நான் இருப்பது சென்னையில் 24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககம். என் ஈபி மீட்டர் முன்பக்கச் சுவரில் இருக்கிறது, என் கார் நிற்கும் இடம் பின்பக்க மூலையில். நடுவில் 45 மீட்டர். வண்டி வாங்கும் வரை இந்த 45 மீட்டரை நான் ஒரு தடவைகூட யோசித்துப் பார்த்ததில்லை.

ஷோரூமில், "வால்பாக்ஸ் ஃப்ரீ சார், எங்க ஆளே வந்து மாட்டிடுவார்" என்றார்கள். வால்பாக்ஸ் என்றால் சுவரில் மாட்டும் சார்ஜர். வந்தவர் இடத்தைப் பார்த்துவிட்டு, குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் கேபிள் உங்கள் செலவு, எர்த்திங் உங்கள் பொறுப்பு, அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதிக் கடிதமும் வேண்டும் என்றார். எல்லாம் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

சரி, அதுவரை பார்க்கிங் தூணில் இருக்கும் பொது பிளக்கில் போடலாம் என்று காரோடு வந்த போர்ட்டபிள் சார்ஜரைச் செருகினேன். சிவப்பு விளக்கு. எர்த் ஃபால்ட், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இணைப்பு சரியில்லை. எலக்ட்ரீஷியன் வந்து மல்டிமீட்டர் வைத்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 232 வோல்ட், நல்லது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்தான் காட்ட வேண்டும். காட்டியது 38. கட்டடம் கட்டியபோது போட்ட எர்த் குழி காய்ந்து வெறும் மண்ணாகிக் கிடந்தது. மிக்ஸியும் ஃபிரிட்ஜும் இதைக் கண்டுகொள்ளாது. கார் சார்ஜர் ஒவ்வொரு முறையும் எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் கரண்டை உள்ளே விடும்.

அப்போது அந்த எலக்ட்ரீஷியன் சொன்ன யோசனை: "சார், நியூட்ரலையும் எர்த்தையும் சேத்து ஒரு சின்ன ஜம்பர் ஒயர் போட்டா பச்சை லைட் வந்துடும்."

வரும். அதுதான் ஆபத்து. சார்ஜரை ஏமாற்றிவிடலாம், மின்சாரத்தை ஏமாற்ற முடியாது. வழியில் எங்காவது நியூட்ரல் ஒயர் விட்டுப்போனால், அந்த ஜம்பர் வழியாகக் காரின் உடம்பு முழுக்க மின்சாரம் ஏறும். கதவைத் தொடுவது பக்கத்து வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். இந்த ஜம்பர் யோசனையை அதற்குப் பிறகு வேறு மூன்று பேர் வீட்டிலும் கேட்டுவிட்டேன். சொல்பவர்கள் எல்லாரும் நல்ல வேலைக்காரர்கள்தான். ஒன்பது மணி நேரம் ஓடும் கருவியை அவர்கள் வீட்டு வயரிங்கில் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒன்பது மணி நேரத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். அயர்ன் பாக்ஸ் அரை மணி நேரம் ஓடும். கீசர் இருபது நிமிடம். 3.3 கிலோவாட் சார்ஜர் இரவு முழுக்கத் தொடர்ந்து 14 ஆம்பியர் இழுக்கும். 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் என்றால் 31. சாதாரண 15 ஆம்பியர் சுவர் பிளக் கொஞ்ச நாளில் சூடாகி, பழுப்பேறி, உருக ஆரம்பிக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அப்புறம் சங்கம். "கரண்ட் பில் யார் கட்டுறது?" என்பது செயலாளரின் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். பொது இணைப்புக்கு ஈபியில் தனிக் கட்டணம், இலவச யூனிட் கிடையாது. அதில் ஒருவர் கார் சார்ஜ் போட்டால் 23 வீட்டுக்காரர்களும் சண்டைக்கு வரத்தான் செய்வார்கள். நான் முதல் சங்கக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போய், "பெட்ரோல் விக்கிற விலைக்கு எல்லாரும் இதுக்குத்தான் மாறணும்" என்று சொற்பொழிவாற்றிவிட்டு வந்தேன். பலன், நான்கு மாதம் இழுத்தடிப்பு.

இரண்டாவது கூட்டத்துக்கு ஒரு பக்கக் கடிதத்தோடு போனேன். என் சொந்த மீட்டரிலிருந்து கேபிள், அது சுவரில் போகும் வழியின் படம், தனி எம்சிபி (லோடு அதிகமானால் தானாக அணையும் சுவிட்ச்), ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்), புது எர்த் குழி, செலவு முழுக்க என்னுடையது, வீட்டை விற்றால் கழற்றிக்கொள்வேன். வீட்டில் சார்ஜ் செய்ய அனுமதிக்க வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகத்தின் சார்ஜிங் வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். பதினைந்து நிமிடத்தில் கையெழுத்து ஆனது.

இடைப்பட்ட நான்கு மாதமும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மால் பார்க்கிங்கில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். வாங்க வேண்டியது எதுவும் இருக்காது, பாப்கார்ன் வாங்குவேன். கேபிள், குழி, கூலி எல்லாம் சேர்த்துக் கடைசியில் 48,000 ரூபாய் சொச்சம். பணம்கூடப் பரவாயில்லை. டோக்கன் கட்டுவதற்கு முன் ஒரு எலக்ட்ரீஷியனுக்கு 500 ரூபாய் கொடுத்து மல்டிமீட்டர் வைக்கச் சொல்லியிருந்தால் எல்லாம் அன்றே தெரிந்திருக்கும்.

ஆகவே ஷோரூமுக்குக் கடைசியில் போங்கள். முதலில் பார்க்கிங்கில் அளவு நாடா, அடுத்து எர்த் சோதனை, பிறகு சங்கத்தின் கையெழுத்து. வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடு (ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய மின்சார அளவு) போதாது என்றால் ஈபி செக்ஷன் ஆபீஸில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பமும் உண்டு. வாடகை வீடு என்றால் ஓனர் சம்மதம், அதுவும் எழுத்தில். இதில் ஒன்று தட்டினாலும் இப்போதைக்கு மின்சார கார் வேண்டாம் என்றே சொல்வேன். பொது சார்ஜரை மட்டும் நம்பிச் சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமை எனக்கு இல்லை.

## விளம்பர ரேஞ்சை வைத்து ஊருக்குப் போகும் கணக்கு

விளம்பரத்தில் போட்டிருக்கும் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், சோதனைக்கூடத்தில் அளந்தது. கம்பெனிகளே இப்போது இதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டன. 2024-இல் டாடா கர்வ் ஈவி வந்தபோது பெரிய பேட்டரிக்குச் சான்றிதழில் இருந்த ரேஞ்ச் 585 கி.மீ., நிஜ ஓட்டத்தில் 400 முதல் 425 என்று டாடாவே சேர்த்துச் சொன்னது.

நீங்கள் போட வேண்டிய கணக்கு சுலபம். ஒரு யூனிட்டுக்கு ஊருக்குள் 7 கி.மீ., நெடுஞ்சாலையில் ஏசியோடு 100 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் ஐந்தரை. என்னுடையது 30 யூனிட் பேட்டரி, நெடுஞ்சாலையில் 165 கி.மீ.தான். ஆக, சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பினால் விழுப்புரத்தைத் தாண்டுவதற்குள் சார்ஜர் தேடியாக வேண்டும். முதல் பயணத்தில் அங்கே எனக்கு முன்னால் இரண்டு வண்டிகள் நின்றன. உளுந்தூர்பேட்டையில் சாப்பிட நினைத்த மதியச் சாப்பாட்டை விழுப்புரத்திலேயே மூன்றரை மணிக்குச் சாப்பிட்டோம். மாமியார் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார். வேக சார்ஜரில்கூட 80 சதவீதத்துக்கு மேல் போட நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு ஆமை வேகம், பின்னால் நிற்பவரின் சாபம் வேறு.

## கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தானாமே!

இல்லை. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது, இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு. காரின் யூனிட்டுகள் எல்லாம் வீட்டுச் செலவுக்கு மேல்தான் உட்காரும், அதாவது விலை கூடிய படிகளில். நான் வண்டி வாங்கிய 2022-இல், செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

மாதம் 1,500 கி.மீ. ஓட்டினால், சார்ஜிங் இழப்பும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 475 யூனிட் வரும். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குப் பக்கம். 14 கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் காரில் 7 ரூபாய். ஐந்தரை ரூபாய் மிச்சம், நல்ல லாபம்தான். அதே ரகப் பெட்ரோல் காரைவிட மூன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், 63,000 கி.மீ. ஓடிய பிறகுதான் போட்ட பணம் திரும்பும். மாதம் 1,500 ஓட்டுகிறவருக்கு மூன்றரை வருடம். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்து மாதம் 400 ஓட்டுகிறவருக்கு 13 வருடம். அப்படிப்பட்டவர் மிச்சம் பிடிக்கவென்று இதை வாங்க வேண்டாம். ஓட்டப் பிடித்திருக்கிறது என்றால் அது வேறு விஷயம், வாங்குங்கள்.

## மானியம் வருமாம், வரி குறையுமாம்

மின்சார வண்டிகளுக்கான மத்திய அரசின் ஃபேம்-2 மானியம் சொந்த உபயோகக் கார்களுக்குக் கிடைக்கவே இல்லை. கார் கடன் வட்டிக்கு 80-ஈஈபி பிரிவில் கிடைத்த வருமான வரிக் கழிவு, 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களோடு முடிந்தது. இன்றும் அதைச் சொல்லி விற்கிறார்கள்.

## பின் சீட்

பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் பல வண்டிகளில் தளம் உயர்ந்து முழங்கால் மேலே வந்துவிடும். டெஸ்ட் டிரைவுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப்போய்ப் பின்னால் உட்கார வையுங்கள்.

## தண்ணீர் தேங்கும் பேஸ்மென்ட்

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையைப் பார்த்த பிறகும் சார்ஜிங் பெட்டியை முழங்கால் உயரத்தில் மாட்டாதீர்கள்.

## ஸ்டெப்னி

டிக்கியைத் திறந்து பாருங்கள். சில வண்டிகளில் கிடையாது.

அலுவலகத் தம்பிக்கு இதையெல்லாம் போனிலேயே சொன்னேன். முதலில் எர்த்தைப் பாருங்கள் என்றேன். நேற்று இரவு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது, பார்க்கிங் பிளக்கில் செருகிய மல்டிமீட்டர். 27 வோல்ட். குழி சரியாகும் வரை டெலிவரியைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் நல்ல நாள் பார்த்தாயிற்றாம்.