பெட்டி கேட்கப் போனேன், வளவு கேட்டதாக முடிந்தது: பூட்டன்மாரைத் தேடி ஊர் போகிறவர்களுக்கு

"பழைய காகிதங்கள் ஏதாவது இருக்கின்றனவா?" என்று நீங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும், கேட்டவரின் காதில் விழுவது "காணி" என்ற ஒரே சொல்தான். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருபத்திரண்டு நாள் விடுமுறையில் ஒன்பது நாளைப் பெரியம்மா வீட்டு விறாந்தையில் முகம் கொடுத்துப் பேசாமல் கழித்திருக்க மாட்டேன்.

நான் தேடிப் போனது அம்மம்மாவின் தகப்பனை. எனக்குப் பூட்டன். இன்றைய அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்து, மலாயா றெயில்வேயில் இலிகிதராகப் போனவர். மலாயா என்றதும் எல்லோரும் யாழ்ப்பாணத்தைத்தான் நினைக்கிறார்கள். கிழக்கிலிருந்தும் போனார்கள், தொகை குறைவு, அதனால் பேச்சும் குறைவு. மட்டக்களப்புக்கு றெயில் வந்ததே 1928இல்தான். தண்டவாளம் என்பதையே காணாத ஊரிலிருந்து தண்டவாளக் கந்தோர் வேலைக்குப் போயிருக்கிறார் அந்த மனிதர். காசுக்கட்டளை வந்தது, கடிதம் வந்தது. கடைசிக் கடிதம் 1941இல். 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. "சீயத்து றோட்டுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்று, ஜப்பானியர் கட்டிய சயாம்-பர்மா றெயில் பாதையை நினைத்து, அம்மம்மா சில நாள் சொல்லுவார். வேறு சில நாள், கோபம் வரும்போது, "அங்கே இன்னொரு குடும்பம் வைத்திருந்தார்" என்பார். இரண்டில் எது உண்மை என்று அறியாமலே கண்ணை மூடினார்.

நான் லண்டனுக்குப் போனது 1990இல், பத்தொன்பது வயதில். பூட்டன் கப்பல் ஏறியதும் ஏறக்குறைய அந்த வயதில்தான். அவரைத் தேட வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் எப்போது முளைத்தது என்று யோசித்தால், அம்மம்மாவின் செத்தவீட்டுக்கு நான் போகாமல் விட்ட அந்தக் கிழமையில்தான் போய் நிற்கிறது.

முதலில் கந்தோர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூன்று நடை வீணாகிற்று. எந்தக் கந்தோர் என்பது இங்கே வேண்டாம். அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்டேன்.

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867 முதல் நடக்கிறது. ஆகவே 1890களில் பிறந்த ஒருவரின் பதிவு கிடைக்க வழி உண்டு. ஆனால் அந்த நாளில் எல்லோரும் பதியவில்லை. பதியாதவர்களுக்குத்தான் பின்னாளில் உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுத்தார்கள். பதிவிலக்கம் தெரியாவிட்டால் இடாப்பில், அதாவது பதிவேட்டில், தேடித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் காலவரையறை சொல்ல வேண்டும். "பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி" என்று சொன்னால் யாரும் இடாப்பைத் தூக்க மாட்டார்கள்.

எங்களிடம் இருந்தது ஒரு சாதகக் குறிப்பு. விகாரி வருஷம், ஆவணி மாதம் என்று போட்டிருந்தது. அறுபது வருஷச் சுற்றில் விகாரி 1899இல் வரும், 1959இல் வரும், 2019இல் வரும். அம்மம்மாவின் வயதோடு பொருத்திப் பார்த்தால் 1899 ஓகஸ்ட்டுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் என்று கையில் வந்துவிடுகிறது. ஊரில் பழைய சாதகம் வைத்திருக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. சாத்திரியாரிடம் போக வேண்டாம், நீங்களே கணக்குப் போடலாம். ஒன்று கவனியுங்கள்: தமிழ் வருஷம் சித்திரையில் பிறப்பதால், தை, மாசி, பங்குனியில் பிறந்தவருக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடும்.

அடுத்தது ஊர். அம்பாறை மாவட்டம் பிறந்தது 1961இல்தான். அதற்கு முன்னர் கல்முனையும் திருக்கோவிலும் அக்கரைப்பற்றும் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். பழைய பத்திரங்களில் இன்றைய பிரதேச செயலகப் பெயர்கள் இருக்காது. கரைவாகுப் பற்று, நிந்தவூர்ப் பற்று, சம்மாந்துறைப் பற்று என்று பற்றுப் பெயர்தான் இருக்கும். எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் பக்கத்து முஸ்லிம் ஊரில் இளைப்பாறிய ஒரு இலிகிதர். எல்லோரும் காக்கா (அண்ணன்) என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். மூன்று நாள் கந்தோரில் விளங்காததை அவர் ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் விளக்கினார். "மகள், பிள்ளையின் பெயரைச் சொல்லித் தேடாதே. பதிந்த நாளில் பிள்ளைக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். தாய் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லித் தேடு" என்றார். பழைய கையெழுத்தையும் தமிழ் இலக்கங்களையும் வாசிக்கக்கூடிய இப்படி ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். கந்தோருக்குப் போவதற்கு முதல்நாள் அவரைத் தேடிப் போங்கள்.

நான் செய்த பெரிய பிழை, பிழையான ஊரில் தேடியது. மட்டக்களப்புப் பகுதியில் பிறந்து வளர்ந்தும் இதை மறந்துபோனேன் என்பது எனக்கு இன்னும் சுடுகிறது. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போவான். ஆகவே பூட்டன் "எங்கள் ஊர்க்காரர்" என்று நாங்கள் சொல்லுவது பூட்டியின் ஊரை வைத்து. அவருடைய விவாகமும் பிள்ளைகளும் அந்த ஊர்ப் பதிவில் இருக்கும். அவர் பிறந்தது அவருடைய தாயின் ஊரில். அந்த ஊரைக் கண்டுபிடிக்கக் காகிதம் உதவாது, குடிதான் உதவும். குடி தாய்வழியில் இறங்குவது. பூட்டன் என்ன குடி என்று தெரிந்தால், அந்தக் குடிக்குக் கோயிலில் எந்த நாள் திருவிழா, அந்தக் குடி எந்தெந்த ஊரில் பரந்திருக்கிறது என்பதைக் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மார் வாயாலேயே சொல்லுவார்கள். ஆடி அமாவாசையை ஒட்டிப் போகிறவர்களுக்கு இது எளிது. மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் தீர்த்தத்துக்கு வயதானவர்கள் எல்லோரும் வந்து கூடுவார்கள். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழையில் போய் அகப்படாதீர்கள்.

வேதக்காரக் குடும்பம் என்றால் ஞானஸ்நான இடாப்பைக் கேளுங்கள். மெதடிஸ்த மிஷன் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்றால் சேர்வு இடாப்பையும் கேட்டுப் பாருங்கள். இறந்தவரின் 31ஆம் நாளுக்கு அச்சடிக்கும், கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகங்களையும் சேகரியுங்கள். அவற்றில் வமிசம் பாட்டாகவே இருக்கும், யார் யாருக்கு மருமகன் என்பது உட்பட.

இப்போது பெட்டிக்கு வருகிறேன்.

பூட்டனின் கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை பறந்த வீட்டிலும் அந்தப் பெட்டி தப்பியது. 1990இல் இடம்பெயர்ந்தபோது அதை ஆற்றுக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு உறவினர் வீட்டில் வைத்தார்கள். திருப்பி எடுக்க நேரம் வராதபடியால்தான் 2004 டிசெம்பர் 26ஆம் திகதி அது கடலோடு போகவில்லை. இப்போது அது பெரியம்மாவின் மகளிடம், என் தங்கச்சியிடம் இருக்கிறது. லண்டனிலிருந்து இரண்டு வருடம் தொலைபேசியில் அவளிடம் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். "வாருங்கள் அக்கா, பார்க்கலாம்" என்றாள். போனேன். இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "முதலில் நொத்தாரிசிடம் போய்க் கையெழுத்து வையுங்கள் அக்கா. பிறகு பெட்டி."

நொத்தாரிசு என்றால் காணி உறுதி எழுதுபவர். எனக்குத் தலை கொதித்தது. நான் காணிக்கு வரவில்லை என்றேன். "அப்படியானால் கையெழுத்து வைப்பதில் என்ன கஷ்டம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அவர்களுடைய வீடு நிற்கும் வளவு, அதாவது வீட்டுக் காணி, என் அம்மாவின் சீதனம். சுனாமியில் பெரியம்மாவின் வீடு அடித்தளத்தோடு போனது. அப்போது கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொன்னது. பெரியம்மாவுக்குக் கட்ட நிலம் இல்லை. லண்டனிலிருந்த அம்மா தொலைபேசியில் "என் வளவில் கட்டுங்கள்" என்று சொன்னார். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். காகிதம் எழுதவில்லை. எழுதுவோம், அடுத்த முறை போகும்போது எழுதுவோம் என்றே பத்து வருடம் போய், 2015இல் அம்மாவும் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சுவர் கட்டுவதற்கும், ஒரு கடன் எடுப்பதற்கும் தங்கச்சி எங்கே போனாலும் "காணி உறுதி யார் பெயரில்?" என்ற கேள்வி அவளுக்கு முன்னால் நின்றிருக்கிறது. இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்லவில்லை. காக்காதான் சொன்னார், பதினொராம் நாள்.

அந்த ஒன்பது நாளும் நான் பேசாமல் இருந்தேன். அவள் மூன்று வேளையும் சமைத்துப் போட்டாள். எருமைத் தயிரும் பழமும் இலையில் வைத்தாள். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். பெரியம்மா ஒருநாள் மட்டும் வாய் திறந்தார்: "காகிதம் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் வேலியைத்தான் கேட்டார்கள், மகள். அவளைக் கோபிக்காதே." அப்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை. அந்த வளவு எனக்கு வேண்டாம் என்பது உண்மை. ஆனால் லண்டன் ஹரோவில் ஒவ்வொரு பனிக்காலத்தையும் நான் கடந்தது, கடலுக்குப் பக்கத்தில் எனக்கு அரைத்துண்டு நிலம் இருக்கிறது என்ற நினைப்பில்தான். கையெழுத்து வைத்தால் எனக்கு ஊர் இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? அந்த மண்ணில் விளக்குமாறு பிடித்தவள் அவள்.

பதினெட்டாம் நாள் அவளைக் கூட்டிக்கொண்டு நொத்தாரிசிடம் போனேன். அங்கே தெரிந்தது, மனம் மாறினால் மட்டும் போதாது என்று. நீங்கள் இதை முன்கூட்டியே செய்துகொண்டு போங்கள்: உறுதி இறந்தவரின் பெயரில் இருந்தால் அவரது மரணச் சான்றிதழ் வேண்டும். என் நொத்தாரிசு அதைப் பிரித்தானிய வெளிவிவகார அலுவலகத்தின் உறுதிப்படுத்தலோடு கேட்டார். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை வடக்குக்கு உரியது. கிழக்கில் பொதுச் சட்டம். அப்பாவும் இல்லாதபடியால் எனக்கும் தம்பிக்கும் சம பங்கு. இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். நன்கொடை உறுதி நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். ஊருக்கு வர முடியாதவர், தனக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கலாம். என்னைப் போல லண்டனில் இருப்பவர் அதை இலங்கை உயர் ஸ்தானிகராலயத்தில் போய்க் கையெழுத்திடலாம், பிறகு அது இலங்கையில் பதியப்பட வேண்டும். என்னிடம் நான்கு நாள் இருந்தது, அதில் ஒன்று போயா (பௌர்ணமி) விடுமுறை. தம்பி லண்டனில். எதுவும் நடக்கவில்லை. பெட்டியும் திறக்கவில்லை. நான் கேட்கவுமில்லை.

வான் வந்து நின்றபோது பெரியம்மா என் கைக்குள் ஒரு கடித உறையைத் திணித்தார். உள்ளே ஒன்றுமில்லை; கடிதம் பெட்டியில், உறை மட்டும் அவருடைய சேலைகளுக்கு அடியில் இருந்திருக்கிறது. புலி பாய்கிற மலாயா முத்திரை. அதன் மேல் தைப்பிங் தபால் குறி, ஆண்டு 1926. இத்தனை நாளும் எந்த நிலையத்தில் வேலை செய்தார் என்றே எங்களுக்குத் தெரியாது. ஆகவே வெறும் உறை என்று எதையும் தள்ளிவிடாதீர்கள்.

மலாயா ஒன்றிய நாடுகளின் அரச வர்த்தமானிகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அரச சேவையின் நியமனம், லீவு, இளைப்பாறல் எல்லாம் அவற்றில் அச்சாகியிருக்கும். இலங்கைத் தமிழ்ப் பெயரை அங்கே ஆங்கிலத்தில் எப்படியும் எழுதியிருப்பார்கள்; பிள்ளை ஒட்டியும் வரும், பிரிந்தும் வரும், சில இடங்களில் காணாமலும் போகும். என் வீட்டிலிருந்து கியூ ஒரு மணித்தியாலப் பயணம். முப்பத்துநான்கு வருடம் அதற்குப் பக்கத்தில் இருந்துவிட்டு அம்பாறையில் போய்த் தேடியிருக்கிறேன். 1926இல் தொடங்கி முன்னும் பின்னுமாகப் பக்கம் புரட்டுகிறேன். இன்னும் பெயர் அகப்படவில்லை.

உயர் ஸ்தானிகராலயத்தில் வருகிற செவ்வாய்க்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள். தம்பியும் வேலைக்கு லீவு போட்டிருக்கிறான். தங்கச்சிக்குச் சொன்னேன். "சரி அக்கா" என்றாள். பெட்டியைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மா சாப்பிட்டாரா என்று கேட்டேன்.