பழைய மரச்சாமானுக்குச் சாக் பெயிண்ட்: வேலை எங்கே கெடுகிறது?

சாக் பெயிண்ட் என்பது பளபளப்பில்லாமல் மங்கலாகக் காயும் தண்ணீர்ப் பெயிண்ட். அதன் டப்பாவில் பெரும்பாலும் ‘தேய்க்க வேண்டாம், பிரைமர் வேண்டாம்’ என்று போட்டிருக்கும். அதை அப்படியே நம்பிப் பிரஷ்ஷை எடுப்பதுதான் முதல் தவறு. பழைய வார்னிஷ் மேல் சாக் பெயிண்ட் ஓரளவு பிடிக்கும், உண்மைதான். எண்ணெய்ப் பிசுக்கின் மேலும் மெழுகின் மேலும் எந்தப் பெயிண்டும் நிற்காது.

துடைக்காமல் உப்புத்தாள் போடுவது அதைவிட மோசம். பல வருஷம் புழங்கிய சாமானில் கையெண்ணெய், மெழுகு, ஸ்பிரே பாலிஷில் இருந்த சிலிகோன் எல்லாம் படிந்திருக்கும். தேய்த்தால் அவை மரத்தின் துளைகளுக்குள் இறங்கிவிடும். பிறகு அடிக்கிற பெயிண்ட் அந்த இடங்களில் வட்ட வட்டமாக விலகிக் குழி விழும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். ஈரம் அதிகமானால் வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு, உப்பிக்கொண்டு எழும்பும். மெழுகு இருந்தால் டர்பன்டைன் தொட்ட துணியால், துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றிய இடத்துக்கு இரண்டு முறை. ஒரு ராத்திரி காயவிட்டு, 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் மரரேகையின் போக்கிலேயே தேய்த்தால் போதும். பளபளப்பு மங்கினால் சரி, வெறும் மரம் தெரிய வேண்டியதில்லை. வெனீரில் மெஷின் வைக்காதீர்கள். மேல்தகடு பல சமயம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்த மிகப் பழைய சாமான் என்றால் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே 1978-இல்தான் வீட்டுப் பெயிண்டில் ஈயம் தடைசெய்யப்பட்டது. சோதித்துப் பார்க்காமல் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. அந்தத் தூசி குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து.

அதிகம் பேரை ஏமாற்றுவது கறை. தேக்கு, மஹோகனி, ஓக் போன்ற மரங்களில் இயற்கையாகவே சாயம் உண்டு. வெள்ளையோ வெளிர் நிறமோ அடித்தால் அன்று அழகாக இருக்கும். மறுநாள் பழுப்பும் இளஞ்சிவப்புமாகத் திட்டுத் திட்டாக எழும்பும். மூன்றாவது கோட், நான்காவது கோட் என்று அடிப்பது வீண். பெயிண்டில் உள்ள தண்ணீரே அந்தச் சாயத்தைக் கரைத்து ஒவ்வொரு முறையும் மேலே இழுக்கிறது. இதற்கு அரக்கிலிருந்து வரும் ஷெல்லாக் பிரைமர்தான் மருந்து. அது ஸ்பிரிட்டில் கரைந்தது என்பதால் சாயத்தை உள்ளேயே பூட்டிவிடும். சந்தேகம் இருந்தால் பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடர் நிறம் அடிப்பதென்றால் இந்தக் கவலை குறைவு.

பெயிண்டைக் கனமாக அப்பாமல் மெல்லிசாக இரண்டு கோட் கொடுங்கள். பாதி காய்ந்த இடத்தில் பிரஷ்ஷைத் திரும்ப ஓட்டினால் படலம் பிய்ந்து வரும். டிராயரின் பக்கங்களுக்குப் பெயிண்ட் வேண்டாம். சேர்கிற கனத்தில் அது உள்ளே போகாது. கைப்பிடிகளையும் கீல்களையும் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

பழமைத் தோற்றத்துக்காக வேண்டுமென்றே பெயிண்டைப் பிளக்க வைக்கும் வெடிப்பு வேலைப்பாட்டில் பொறுமைக்கு இடமே இல்லை, கை வேகமாகப் போக வேண்டும். அடி நிறம் நன்றாகக் காய்ந்தபின் கிராக்கிள் மீடியம் (மேல் கோட்டைப் பிளக்க வைக்கும் திரவம்), அதன்மேல் தண்ணீர்ப் பெயிண்ட். மேல் கோட்டை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். சில நிமிடங்களில், பிரஷ் போன திசையிலேயே கோடு கோடாகப் பிளக்கத் தொடங்கும். ‘இங்கே விட்டுப்போச்சே’ என்று மறுபடி தொட்டால் கீழே இளகியிருக்கும் மீடியம் பிரஷ்ஷோடு சுருண்டு வந்து, அந்த இடம் வழவழவென்று கெட்டுவிடும். மேல் கோட் கனமாக இருந்தால் அகலமான பிளவுகள், மெல்லிசாக இருந்தால் நுண்ணிய வலை. ஸ்டென்சிலில் நேர்மாறாக, பிரஷ் கிட்டத்தட்ட உலர்ந்திருக்க வேண்டும். பழைய காகிதத்தில் ஒற்றிவிட்டுத் தொட்டால் விளிம்பில் கசியாது.

கடைசியில் மேல்பூச்சு. இதை வேலை தொடங்கும்போதே தீர்மானியுங்கள். அலங்காரப் பெட்டிக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் மெழுகு அருமை. சாப்பாட்டு மேசைக்கு அது ஆகாது, சூடான டம்ளர் வட்டம் போட்டுவிடும். அங்கே தண்ணீர் சார்ந்த பாலியூரிதேன் வார்னிஷ்தான். எண்ணெய் வார்னிஷ் வெள்ளையை மஞ்சளாக்கும். பழமைத் தோற்றத்துக்கான கறுப்பு மெழுகை நேராகத் தேய்த்தால் சாக் பெயிண்ட் உறிஞ்சிக்கொண்டு திட்டுப் போடும். முதலில் நிறமில்லாத மெழுகு, அதன்மேல் கறுப்பு.

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. முழுதாக இறுக மூன்று, நான்கு வாரம் ஆகும். அதற்குள் கனமான பூச்சாடியை வைத்தால், எடுக்கும்போது அடியில் பெயிண்டும் சேர்ந்து வரும். மெழுகு போட்ட பிறகு மனம் மாறினால் அதன்மேல் வார்னிஷ் அடிக்காதீர்கள், உரிந்துவிடும். டர்பன்டைனால் மெழுகை முழுக்கத் துடைத்தெடுத்து, லேசாகத் தேய்த்து, ஒரு புதுக் கோட் பெயிண்ட் கொடுத்த பிறகுதான் வார்னிஷ்.