ஒரே நீளம், ஒரே வால்: ஆங்கிலச் சொற்கள் நம்மை ஏமாற்றும் இடங்கள்

வேர்டில் என்பது ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு ஊகத்துக்குள் கண்டுபிடிக்கும் விளையாட்டு: எழுத்து சரியான இடத்தில் இருந்தால் கட்டம் பச்சை, சொல்லில் வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள். அதில் இரண்டாவது ஊகமாக 'லைட்' போட்டேன். கடைசி நான்கு கட்டமும் பச்சை: ஐ, ஜி, ஹெச், டி. முதல் எழுத்துதான் பாக்கி, இனி என்ன என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நைட் போட்டேன், இல்லை. ரைட், இல்லை. ஃபைட், இல்லை. மைட், அதுவும் இல்லை. ஆறு வாய்ப்பும் தீர்ந்தன. விடை 'டைட்'.

நான்கு எழுத்து தெரிந்துவிட்டால் கிணற்றைத் தாண்டிவிட்டோம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. உண்மையில் பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறோம். ஐந்தெழுத்தில் இந்த வாலோடு முடியும் சொற்களில் அன்றாட வழக்கில் உள்ளவை மட்டும் எட்டு: எய்ட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட். (எட்டில் ஒன்று 'எட்டு' என்றே பொருள்படுவது வேடிக்கை.) ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது தாயக்கட்டை உருட்டுவது மாதிரி. விழுந்தால் உண்டு.

வழி வேறு. அந்த வாலையே தற்காலிகமாக மறந்துவிட வேண்டும். விடையாக இருக்கவே முடியாத ஒரு சொல்லை வேண்டுமென்றே போடுங்கள். அதில் சந்தேகத்துக்குரிய முதல் எழுத்துகள் நிறைய இருந்தால் போதும். எட்டும் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். 'ஃபிலிம்ஸ்' போடுங்கள். அதில் எஃப், எல், எம், எஸ் நான்கும் இருக்கின்றன. எஃப் பச்சையானால் ஃபைட். எல், எம், எஸ் மூன்றில் எது மஞ்சளானாலும் அந்த எழுத்தில் தொடங்குவதுதான் விடை. இந்த நான்கில் எதுவுமே நிறம் மாறவில்லையா? அடுத்து 'டெனர்': அந்த உச்சஸ்தாயி ஆண்குரல். அதில் இ, என், ஆர் மூன்றும் உண்டு, டி முதல் இடத்திலேயே நிற்கிறது. டி பச்சையானால் டைட். மஞ்சளாகவே இருந்தால், கூடவே மஞ்சளாகும் எழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எட்டுச் சொல்லுக்கு இரண்டு ஊகம், மூன்றாவது விடை. நான் அன்றைக்கு நான்கு வாய்ப்பை வைத்துக்கொண்டு தோற்றேன்.

கடின முறையில் விளையாடுபவர்களுக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. கிடைத்த குறிப்புகளை அடுத்த ஊகத்திலும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. அவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: 'அவுண்ட்', 'ஆட்ச்' போன்ற கூட்டமான வால்களை முதல் இரண்டு ஊகங்களில் தொடாமல் இருப்பது. பவுண்ட், ஃபவுண்ட், ஹவுண்ட், மவுண்ட், ரவுண்ட், சவுண்ட் என்று அதுவும் பெரிய குடும்பம்.

இன்னொன்று, எஸ் வால். நான்கெழுத்துப் பெயர்ச்சொல்லோடு எஸ் ஒட்டினால் ஐந்தெழுத்து தயார், ஆகவே விடையும் அப்படி முடியும் என்று பலர் எஸ்ஸைக் கடைசியில் வைத்துத் தேடுகிறார்கள். இந்த விளையாட்டை உருவாக்கிய ஜோஷ் வார்டில் விடைகளுக்கென்று வைத்தது சுமார் 2,300 சொற்களை. ஊகமாக மட்டும் ஏற்கப்படுபவை அதற்கு மேல் 10,000-க்கும் அதிகம். எஸ் ஒட்டிய சாதாரணப் பன்மைகள் இரண்டாவது பட்டியலுக்கு உரியவை. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் விளையாட்டை வாங்கிய பிறகும் பொது வழக்கம் அதுதான். ஃபிலிம்ஸ் ஊகமாக உதவும், விடையாக வராது.

விளையாட்டில் தோற்றால் ஒரு நாள் வருத்தம். ஆங்கிலம் படிக்கும்போது இதே வாலை நம்பினால் உச்சரிப்பே கெட்டுப்போகும், அது வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும்.

நமக்கு இதில் கூடுதல் ஆபத்து. தமிழில் அடிகளின் கடைசி எழுத்து ஒன்றிவந்தால் இயைபு. கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் காதுக்கும் கேட்கும். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குள் போனால் வழுக்கும். ஓ, எம், பி என்று முடியும் நான்கெழுத்துச் சொற்கள் நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெடிகுண்டு 'பாம்'. சீப்பு 'கோம்'. கல்லறை 'டூம்'. கருப்பை 'வூம்'. எழுதினால் முதல் எழுத்து மட்டும்தான் மாறுகிறது. வாயைத் திறந்தால் மூன்று விதமான உயிரொலி. நான்கிலும் கடைசி பி ஊமை என்பது ஒன்றே பொது. பள்ளி நாட்களில் நான் சீப்பை 'காம்ப்' என்று சொல்லித் திரிந்தவன்.

ஓ, யூ, ஜி, ஹெச் என்று முடியும் ஐந்தெழுத்துச் சொற்கள் இன்னும் மோசம். கிளை 'பவ்', இருமல் 'காஃப்', பிசைந்த மாவு 'டோ', சொரசொரப்பு 'ரஃப்'. உயரமும் எடையும் ஆறெழுத்து, கடைசி ஐந்தெழுத்து அப்படியே ஒன்று. ஒன்று 'ஹைட்', மற்றது 'வெயிட்'. இரண்டையும் ஒரே மூச்சில் தினமும் சொல்கிறோம், ஆனாலும் எழுத்துக்கூட்டும்போது தடுமாறுகிறோம்.

காரணம் இல்லாமல் இல்லை. வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தது 1476-இல். அதன்பின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோனது. பேச்சு உறையவில்லை: ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை நெடில் உயிர்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின. நைட் என்ற சொல்லின் நடுவில் இருக்கும் ஜி, ஹெச் இரண்டும் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து வந்த ஒலி. ஒலி போய்விட்டது, எழுத்து நிற்கிறது. போதாக்குறைக்குச் சொற்களின் ஊர் வேறு வேறு. சீப்பும் கருப்பையும் பழைய ஆங்கிலச் சொற்கள், கல்லறை பிரெஞ்சிலிருந்து வந்தது, வெடிகுண்டும் அதே வழியில் இன்னும் பிந்தி வந்தது. வால் ஒன்றாக இருப்பதால் சகோதரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

இலக்கணத்திலும் இதே கதைதான். கூஸ் என்ற வாத்தினப் பறவைக்குப் பன்மை கீஸ். அதே நீளம், அதே வால் கொண்ட மூஸ் என்ற பெரிய மானுக்குப் பன்மை மீஸ் அல்ல, மூஸேதான். முன்னது பழைய ஜெர்மானியச் சொல், உள்ளே உயிரொலியை மாற்றிப் பன்மை ஆக்கும் பழைய வழக்கத்தைச் சுமந்து வந்தது. பின்னது 17-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்கப் பூர்வகுடி மொழியிலிருந்து வந்த விருந்தாளி. எலிக்குப் பன்மை மைஸ், பேனுக்கு லைஸ். வீட்டுக்கு மட்டும் ஹவுசஸ். இறந்தகாலத்திலும் அப்படியே: டிரிங்க் என்பது டிராங்க் ஆகும், திங்க் என்பது தாட் ஆகும், ப்ளிங்க் வெறுமனே ப்ளிங்க்ட்.

அதனால் 'இந்த வாலில் முடியும் சொற்கள்' என்று நீளமான பட்டியலைத் தரவிறக்கி மனப்பாடம் செய்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பட்டியல் வேண்டுமானால் ஒலிப்படி பிரித்து நீங்களே எழுதுங்கள். பேருக்கு நான்கு சொல் போதும், ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிப் பார்த்து எழுதினால்.

அப்படிப் பிரிக்கும்போது சில இடங்களில் ஒழுங்கு தெரியும். ஓ, டபிள்யூ, இ, ஆர் வாலைப் பாருங்கள். பவர், டவர் ஒரு பக்கம். லோயர், மோயர் மறுபக்கம். லோயர் என்பது 'லோ' என்ற சொல்லோடு ஈற்றெழுத்து ஒட்டியது, புல்வெட்டும் மோயரும் அப்படியே. ஒட்டியதைக் கழற்றிவிட்டு அடிச்சொல்லை உச்சரித்தால் சரியான ஒலி வந்துவிடும். டவரில் அப்படிக் கழற்ற எதுவும் இல்லை. ஆறெழுத்திலும் இதே பிரிவு: ஸ்லோயர், க்ரோயர் ஓர் அணி, ஷவர், ஃப்ளவர் இன்னோர் அணி.

இந்த அணி பிரிப்பை வைத்தே ஆளைக் கவிழ்ப்பவர்களும் இருக்கிறார்கள், கிரிப்டிக் வகைக் குறுக்கெழுத்துப் புதிர் கட்டுபவர்கள். துப்பில் ஒரு பொருளைக் காட்டி வேறொரு பொருளை ஒளித்துவைப்பது அவர்கள் வேலை. துப்பில் ஃப்ளவர் என்ற சொல் வந்தால் உடனே பூக்களின் பெயரைத் தேடாதீர்கள். 'ஃப்ளோ' என்றால் ஓடுவது. ஓடுவதோடு அந்த ஈற்றைச் சேர்த்தால் எழுத்துக்கு எழுத்து அதே சொல்தான் வரும். கட்டங்களில் அவர்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் ஏதாவது ஒரு ஆற்றின் பெயர்.